வெண்பனியும் மூடிய கதவுகளும்

ஜனாஸாத் தொழுகையில் ஓதப்பெறும் துஆக்களுள் ஒன்று, மறைந்தவரைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மையாக்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சுகிறது. அதில் வரும் ‘ஸல்ஜ்’ என்னும் அரபிச் சொல், நம் ஊர்ப் புல்நுனியில் வைகறையில் அரும்பும் பனித்துளியைக் குறிப்பதன்று. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, நிலத்தில் அடுக்கடுக்காய்ப் படியும் வெண்பனியையே அது குறிக்கும். தூய்மைக்கு அடையாளமான அந்தப் பனியே, மனிதன் எச்சரிக்கையை மறந்தால் உயிரைப் பறிப்பதாகவும் ஆகிவிடுகிறது.

பாகிஸ்தானின் தலைநகரான இஸ்லாமாபாதுக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் உள்ள மலை நகரம் முர்ரீ. பனி பொழிவதைக் காண ஆண்டுதோறும் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்குச் செல்வர். 2022 ஜனவரி முதல் வாரத்தில், கடும் பனிப்பொழிவால் சாலைகள் அடைபடக்கூடும் என்று வானிலைத் துறை முன்னரே எச்சரித்திருந்தது. ஆயினும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மலையேறியதாக அரசு பின்னர் தெரிவித்தது. ஜனவரி 7ஆம் நாள் இரவு பனிப்புயல் வீசிற்று. மரங்கள் சாய்ந்தன; சாலைகள் மறைந்தன; வாகனங்கள் நின்ற இடத்திலேயே புதைந்தன. மறுநாள் மீட்புப் படையினர் சென்றபோது குறைந்தது 22 பேர் உயிரிழந்திருந்தனர். அவர்களுள் 10 பேர் குழந்தைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்களைக் கொன்றது குளிர் மட்டுமன்று. வெப்பம் வேண்டி இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டனர். புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தை அது கைப்பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழுவதில்லை.

அவ்விரவில் மனிதர்களின் இரு முகங்களும் வெளிப்பட்டன. விடுதிகள் சில, தவித்து நின்றோரிடம் வாடகையைப் பன்மடங்கு உயர்த்தியதாகச் செய்திகள் வந்தன. உள்ளூர் மக்கள் பலரோ தம் வீட்டுக் கதவுகளைத் திறந்து, முன்பின் அறியாதவர்க்கு உணவும் போர்வையும் அளித்தனர். கடமை தவறியதாக 15 அதிகாரிகள்மீது அரசு நடவடிக்கை எடுத்தது. அது உலகின் விசாரணை. இடரில் தவிக்கும் வழிப்போக்கனிடம் இலாபம் தேடியவனுக்கும், அவனுக்கு இடம் கொடுத்தவனுக்கும் மறுமையில் வேறொரு விசாரணை இருக்கிறது.

கடுங்குளிரும் மழையும் உள்ள இரவில், தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டதை, இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். ஜமாஅத்துக்கு வருவதற்கே இத்தகைய சலுகை தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், உல்லாசப் பயணத்திற்காக எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாமா? ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லிப் பிள்ளைகளை ஆபத்துக்குள் அழைத்துச் செல்வது தவக்குல் ஆகாது.

பனியில்லாத ஊரில் நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். அந்த வாயு பனியைத் தேடி வருவதன்று. மூடிய கதவைத் தேடி வருவது. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வோர் அறைக்குள் கரி நெருப்பை வைத்துக்கொண்டு உறங்குவதும், மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவதும், குழந்தைக்குச் சாம்பிராணி போட்ட கரிச்சட்டியை மூடிய அறையில் விட்டுவைப்பதும் அதே ஆபத்துதான். தாய்மார்களே, நெருப்புள்ள அறையில் சன்னலைத் திறந்து வையுங்கள். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுங்கள். உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்பது நபிகளார் (ஸல்) நமக்குக் கற்பித்த ஒழுக்கமுமாகும்.

முர்ரீயில் மறைந்தோரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, பனியினும் தூயவர்களாக அவர்களை ஏற்றுக்கொள்வானாக! நம் இல்லங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.