இனிய நீருக்கும் உவர் நீருக்கும் இடையே

திருமறையின் ‘அல்ஃபுர்கான்’ அத்தியாயத்தில் (25:53) இருவகை நீரைப் பற்றி இறைவன் கூறுகிறான். ஒன்று அருந்துதற்கு இனியது. மற்றொன்று உவர்ப்பும் கசப்பும் உடையது. இரண்டையும் படைத்து, அவற்றினிடையே ஒரு தடுப்பையும் அமைத்தவன் தானே என்று அவன் நமக்கு நினைவூட்டுகிறான். இத்திருவசனத்துக்கு விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கம் தந்துள்ளனர். நாம் இங்கே விளக்கம் கூற முற்படவில்லை. ஒரு படிப்பினையை மட்டுமே நாடுகிறோம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. அதன் கிழக்கே சிறிது தொலைவில் வங்கக் கடல். மேற்கே, புதுச்சேரி வட்டாரத்தின் இரண்டாவது பெரிய ஏரியாகிய பாகூர் ஏரி. கிருமாம்பாக்கத்துக்கும் சொந்தமாக ஓர் ஏரி உண்டு. உவர் நீரும் இனிய நீரும் அருகருகே இருக்கும் இவ்வூரில், இரண்டுக்கும் இடையே நிற்கும் தடுப்பு எது?

அது கண்ணுக்குப் புலப்படாத தடுப்பு. ஏரியில் தேங்கும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடியில் நிறைகிறது. அந்த நல்ல நீரின் கனமே கடல்நீர் உள்ளே வராதவாறு தடுத்து நிறுத்துகிறது. கரையோரத்தில் நல்ல நீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அதன் அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பது அடி மேலெழும் என்பது நிலநீர் அறிஞர்கள் கூறும் கணக்கு. ஏரி தூர்ந்துபோய், ஆழ்குழாய்க் கிணறுகள் அளவின்றி நீரை உறிஞ்சும்போது, இறைவன் அமைத்த தடுப்பை நம் கையாலேயே நாம் கரைத்துவிடுகிறோம். புதுச்சேரிக் கடலோரத்தின் நிலத்தடியில் உவர் நீர் புகுந்துவருவதை ஆய்வாளர்கள் பலகாலமாக எச்சரித்து வருகின்றனர்.

அன்பார்ந்த வாசகர்களே! அந்த உவர் நீர் நிலத்தடியில் ஊர்ந்து வரும்போது, மேலே இருப்பது முஸ்லிமின் வீடா, இந்துவின் வயலா, கிறிஸ்தவரின் தோட்டமா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பாகூர் கொம்யூனுக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயர் தானாக வந்ததன்று. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொணர்வது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்னும் சகோதரியர் இருவர் தம் செல்வத்தைச் செலவிட்டு இவ்வட்டாரத்துக்கு நீர்வழி தந்தனர் என்று மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், ஏரிகளைப் பேணவும் மதகு திறக்கவும் பயிரிடுவோரே கூடிய பொதுச் சங்கங்கள் செயல்பட்டன. பின்னாளில் மின்சார இயந்திரமும் ஆழ்குழாயும் வந்தன. அவரவர் நிலத்தில் அவரவர் நீர் என்ற நிலை உண்டானது. அதன்பின் பொது ஏரியைப் பற்றிய கவலை எவருக்குமில்லாமற் போயிற்று. 1999 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய ஏரி மறுசீரமைப்புத் திட்டம், புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீர்செய்ய முனைந்தது. அத்திட்டமும், கரையை உயர்த்துவதோடு நில்லாமல், ஏரியைச் சுற்றியுள்ள மக்களை மீண்டும் ஒரு சங்கமாகக் கூட்டவே முயன்றது. மண்ணை வெட்டி அகற்றுவதைவிட மனங்களை ஒன்றாக்குவதே அரிய பணி என்பதை அறிந்தவர்களே அவ்வாறு செய்ய முடியும்.

மனங்கள் ஒன்றாவது இயலாத காரியமா? இல்லை. நம் கண்முன் நிகழ்ந்தவற்றையே எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் சுற்றியிருந்த மீனவச் சகோதரர்களுக்குத் தங்கள் வாயில்களைத் திறந்தனர், உணவளித்தனர், இறந்தோரை எடுத்து அடக்கவும் துணைநின்றனர். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, முஸ்லிம் இளைஞர்கள் பள்ளிவாசல்களோடு கோயில்களையும் கழுவித் துப்புரவு செய்தனர். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிவாசல் வெள்ளத்தில் மூழ்கியபோது, அருகிலிருந்த கோயிலார் தங்கள் மண்டபத்தை ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்காகத் திறந்துவிட்டனர்.

இவற்றை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் ஒரு கேள்வி உறுத்துகிறது. வெள்ளத்தில் ஒன்றுகூடிய நாம், வெள்ளம் வடிந்ததும் ஏன் பிரிந்துவிடுகிறோம்? 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்துச் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகி வர, பாகூர் வட்டாரத்துக் கிராமங்கள் நீரில் சூழப்பட்டன. அன்று உணவுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றோர் பலர். தூர்ந்த வாய்க்காலைத் திறந்துவிடக் கோடைக்காலத்தில் மண்வெட்டி சுமந்தோர் எத்தனை பேர்? ஆபத்து நாளில் கூடுவது மனித இயல்பு. ஆபத்தில்லாத நாளில் கூடுவதே ஈமானின் இலக்கணம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஒரு கப்பலின் உவமையை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். கப்பலின் மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்போர் தண்ணீருக்காக மேலே ஏறிவர வேண்டியிருந்தது. மேலே இருப்போருக்குத் தொல்லை தராமல், நம் பங்கிலேயே ஒரு துளையிட்டுக் கொள்வோமே என்று அவர்கள் எண்ணினர். அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டால் இரு தளத்தாரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் இரு தளத்தாரும் பிழைப்பர். என் நிலம், என் ஆழ்குழாய், என் உரிமை என்று நாம் கூறும்போது, நம் பங்கில் நாம் இடும் துளையை இந்த உவமையிலே கண்டுகொள்ள வேண்டாமா?

ஏரி அரசாங்கத்தின் பொறுப்பு, பள்ளிவாசலின் பொறுப்பு தொழுகையே என்பர் சிலர். நீரும், மேய்ச்சல் புல்லும், நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொதுவானவை எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். மதீனாவில் நீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், ரூமா கிணற்றைத் தம் பொருளால் வாங்கி அனைவருக்கும் உரியதாக்கினார்கள் ஹளரத் உஸ்மான் (ரலி) அவர்கள். அது தீனின் பணியல்லவென்று யார் கூறத் துணிவர்?

சகோதர சமயத்தாரோடு கூடி நின்றால் நம் கொள்கை கலங்கிவிடுமே என அஞ்சுவோரும் உண்டு. அவர்களின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மக்காவில் அநீதிக்குள்ளான அயலூர் வணிகர் ஒருவருக்காக, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் குறைஷிக் குலத்தார் சிலர் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் துணைநிற்போம் என உறுதி பூண்டனர். இளமைப் பருவத்தில் அதிற் கலந்துகொண்ட பெருமானார், நபித்துவம் பெற்ற பின்னரும் அதனைப் போற்றினார்கள். இஸ்லாத்திலும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்றார்கள். நற்பணிக்காகக் கூடுவது வேறு. வணக்கத்தைக் கலப்பது வேறு. ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்பவரிடம் தம் கொள்கையை விட்டுத்தருமாறு எவரும் கேட்பதில்லை.

உலகமும் இவ்வழியிலே நடக்கத் தொடங்கி ஆண்டுகள் பலவாயின. 1986 செப்டம்பரில் இத்தாலியின் அசிசி நகரில் ஐந்து சமயத்தாரின் தலைவர்கள் கூடி, இயற்கையைப் பேணுதல் தத்தம் சமயத்தின் கடமை என அறிவித்தனர். இஸ்லாத்தின் சார்பில் அறிக்கை தந்தவர், உலக முஸ்லிம் லீகின் பொதுச் செயலாளராயிருந்த டாக்டர் அப்துல்லாஹ் உமர் நஸீஃப். அறிக்கைகள் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. தான்சானியா நாட்டின் மிசாலித் தீவருகே மீனவர்கள் வெடிவைத்து மீன்பிடித்துப் பவளப்பாறைகளை அழித்து வந்தனர். சட்டத்தால் மாறாத அவர்களிடம், இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் நிறுவிய இஸ்லாமியச் சுற்றுச்சூழல் அமைப்பு, திருமறையின் போதனையைக் கொண்டு சென்றது. பலர் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டனர். அரசாங்கத்தின் ஆணை எட்டாத இடத்திற்கு மிம்பரின் குரல் எட்டியது.

நம் ஊர் மிம்பர்களின் குரல் எங்கே எட்ட வேண்டும்? முதலில் நம்மிடமே எட்டட்டும். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாதென்று ஹளரத் ஸஅது (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு நபிமொழி உண்டு. நாயகம் அவர்கள் ஒளுவுக்குப் பயன்படுத்திய நீர் ஒரு ‘முத்து’ அளவே. அதாவது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. இன்று குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம், அதன்கீழ் ஒரு வாளியை வைத்து அளந்து பார்ப்போமா? இருநூறு பேர் ஐவேளையும் தொழும் பள்ளியில், ஆளுக்கு வேளைக்கு ஐந்து லிட்டர் மிஞ்சினால், நாளொன்றுக்கு ஐயாயிரம் லிட்டர் மிஞ்சும். ஹவுளில் அமர்ந்து அளவோடு அள்ளியவர்கள் நம் முன்னோர்கள். நமக்கு அந்த அடக்கம் எங்கே போயிற்று?

குர்பானிக் கழிவை வாய்க்காலில் எறிவோர் நம்மில் இல்லையா? நோன்புக் கஞ்சி அருந்திய பிளாஸ்டிக் கோப்பைகள் மதகை அடைப்பதில்லையா? நீர்நிலையையும், நிழலையும், வழியையும் அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று எச்சரிக்கப்பட்ட சமுதாயமல்லவா நாம்? பிறர் குறையைச் சுட்டுமுன் நம் குறையை அகற்றுவோம். நம் சொல்லுக்கு அப்போதே மதிப்புண்டாகும்.

வில்லியனூரைப் பாருங்கள். திருக்காமீசுவரர் கோயிலுக்குத் திருக்குளம் உண்டு. லூர்து மாதா ஆலயத்துக்கும் குளம் உண்டு. சுல்தான்பேட்டையில் முஸ்லிம்கள் ஒளுச் செய்து தொழுகின்றனர். மூன்று சமயத்தாரும் நீரின்றித் தம் வணக்கத்தை நிறைவேற்றுவதில்லை. மூவரின் நீரையும் வானிலிருந்து இறக்குபவன் ஒருவனே. வில்லியனூருக்குப் பொருந்தும் இவ்வுண்மை கிருமாம்பாக்கத்துக்கும் பொருந்தும். நீங்கள் வாழும் ஊருக்கும் பொருந்தும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஜமாஅத்தாரிடம் ஒன்றைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒரு ஜும்ஆவுக்குப்பின், ஊரின் கோயில் அறங்காவலரையும் தேவாலயப் பாதிரியாரையும் முத்தவல்லி அவர்கள் நேரில் சென்று அழைக்கட்டும். ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலை மூவரும் ஒன்றாக நடந்து பார்க்கட்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே குப்பை என்று குறித்து, கொம்யூன் பஞ்சாயத்துக்கு மூவரின் கையொப்பத்தோடு ஒரே மனு தரட்டும். நம்மால் அகற்றக்கூடியதை நம் இளைஞர்கள் அவர்களின் இளைஞர்களோடு சேர்ந்து அகற்றட்டும். பள்ளிவாசலின் ஒளு நீர் சாக்கடைக்குப் போகாமல் தென்னைக்கோ உறிஞ்சு குழிக்கோ போகட்டும். பெரும் பொருட்செலவு இதற்கு வேண்டாம். முதல் அடியை எடுத்துவைக்கும் மனம் போதும்.

பாகூர் ஏரியை வெட்டியவர்கள் இன்று இல்லை. அவர்களின் நீரை நாம் அருந்துகிறோம். நாம் மறைந்தபின் நம் பேரப்பிள்ளைகள் கிணற்று நீரை வாயில் வைக்கும்போது, அது இனிக்குமா, கரிக்குமா? நிலையான தர்மமாகிய ஸதக்கத்துல் ஜாரியாவை நாடுவோருக்கு இதனினும் சிறந்த வாயில் எது?

இனிய நீரையும் உவர் நீரையும் பிரித்து வைத்த வல்ல இறைவன், அவற்றினிடையே அவன் அமைத்த தடுப்பைக் காக்கும் நற்பேற்றை, நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.