நிலம் எடுக்கும்போது கேட்காத மார்க்கை வேலைக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?



மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுல நின்னு, ஐடிஐயோ டிப்ளமோவோ முடிச்ச எந்தப் பிள்ளையை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "வேலைக்கு எடுக்கிறவங்க என்ன எதிர்பார்க்கிறாங்க?" ஒரே பதில்தான் வரும்: "அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்க."

சரி, அனுபவம் எங்கே கிடைக்கும்? சுரங்கத்துலயும் அனல்மின் நிலையத்துலயும் அப்ரண்டிஸா நின்னா கிடைக்கும். உதவித்தொகையை வாங்கிக்கிட்டு ஒரு வருஷம் கன்வேயர் பக்கத்துல நிக்கிறான். சான்றிதழ் கொடுக்கிறாங்க. அதுக்குப் பிறகு? 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. 2014இல் ஒரு திருத்தம் வந்தது. தன்னிடம் பயிற்சி பெற்றவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தானே ஒரு கொள்கை வகுக்க வேண்டுமாம். கொள்கையை எழுதுறவரும் அவரே, வேலை கொடுக்கிறவரும் அவரே. இதுக்குப் பேரு சட்டப் பாதுகாப்பு!

இப்போ அதிகாரி வேலைக்கு வருவோம். 2022இல் என்எல்சி 299 பயிற்சிப் பொறியாளர்களை கேட் மதிப்பெண் வழியாக எடுக்கப் போனபோது பெரிய சர்ச்சை வெடித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு பறிபோகிறது என்று முதலமைச்சர் பிரதமருக்கே கடிதம் எழுதினார். கேட் என்பது என்ன? ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் தேர்வு. முதுநிலைப் பொறியியல் படிப்பில் சேர்வதற்காக உருவானது. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். பொதுத்துறை நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வசதி. தனியா வினாத்தாள் தயாரிக்க வேண்டாம், தேர்வு மையம் தேட வேண்டாம், ரெடிமேடா ஒரு பட்டியல் கைக்கு வந்துடுது. ஹைதராபாத்திலும் டெல்லியிலும் ஒரு வருஷம் தங்கி கோச்சிங் எடுக்க முடிந்தவருக்கு அந்தப் பட்டியலில் மேலே இடம். அப்பா ஒப்பந்தத் தொழிலாளியா இருக்கிற வீட்டுல அந்தக் காசுக்கு எங்கே போறது?

அங்கே தங்கிப் படித்து வரும் வடமாநிலப் பிள்ளை மீது நமக்குக் கோபம் இல்லை. அவனும் வேலை தேடி அலையுறவன்தான். நம்ம சண்டை சல்லடை வைத்திருப்பவரோடு.

ஏனென்றால் ஆளுக்கு ஆள் அவர் சல்லடையை மாற்றுகிறார். நிலம் வேணும்னா பட்டா மட்டும் போதும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடுவதற்காக, விளைந்து நின்ற நெல் வயலில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கினார்களே, அன்றைக்கு எந்த விவசாயியிடம் மார்க் ஷீட் கேட்டார்கள்? பாய்லர் பக்கம் நிற்க ஒப்பந்த ஆள் வேணும்னா உடம்பு போதும். 2020 ஜூலை 1, இரண்டாம் அனல்மின் நிலையத்தின் பாய்லர் வெடிப்பில் இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சாகிற இடத்துல நிறுத்தத் தகுதி இருந்தது. நிரந்தர வேலைக்குத் தகுதி இல்லையா?

"அப்போ தகுதியே வேண்டாமா?" என்று கேட்க ஒரு கூட்டம் கிளம்பும். "அரசியலமைப்பின் 16(2)ஆம் பிரிவு, பிறந்த ஊரை வைத்து அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறதே" என்றும் சொல்வார்கள். சட்டத்தை நாமும் படித்திருக்கிறோம் ஐயா. ஊர்ப் பேரைப் பார்த்து வேலை கொடுங்கன்னு நாம கேட்கவில்லை. வேலைக்கு உண்மையில் என்ன தேவையோ அதுக்கு மார்க் போடச் சொல்றோம்.

சுரங்கத்துல பெல்ட் ஓடிக்கிட்டிருக்கும்போது "கையை எடு!"ன்னு அதிகாரி எந்த மொழியில கத்துவார்? கீழே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தமிழ்தானே தெரியும். பொதுத்துறை வங்கியில் கிளார்க் ஆக அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். பணம் எண்ணும் கவுன்டருக்கு மொழி தேவை, உயிர் போகும் சுரங்கத்துக்குத் தேவையில்லை என்பது என்ன நியாயம்? அப்ரண்டிஸ் விஷயத்துலயும் முன்மாதிரி இருக்கு. தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்குகிறது ரயில்வே. அதுவும் ஒன்றிய அரசுதான், இதுவும் ஒன்றிய அரசுதான். தண்டவாளத்துக்குச் சரியானது சுரங்கத்துக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?

நிலம் கொடுத்த குடும்பங்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னதை நாம் மறக்கவில்லை. அதுகூட சும்மா கிடைக்கவில்லை, தெருவில் இறங்கிய பிறகுதான் வந்தது. ஆனால் பணியிடமே ஒப்பந்தமாகிக் கொண்டு போகும்போது மதிப்பெண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? 1956இல் தொடங்கிய நிறுவனம் இது. தாத்தா நிலத்தைக் கொடுத்தார், பேரன் கேட் பாஸ் வாங்க காண்ட்ராக்டர் பின்னாடி நடக்கிறான். (இந்த கேட் வேற கேட், கம்பெனி வாசல்.)

தம்பிகளே, தங்கச்சிகளே, தேர்வை எழுதாதீங்கன்னு நாம சொல்லல. எழுதுங்க, ஜெயிங்க. அதோட, அடுத்த வேலைவாய்ப்பு அறிவிப்பு வந்ததும் தகுதிப் பகுதியை முதல்ல படிங்க. அப்ரண்டிஸ் முடித்தவருக்கு என்ன, நிலம் இழந்தவருக்கு என்ன, தமிழ் தெரிந்தவருக்கு என்னன்னு தேடுங்க. எதுவும் இல்லைன்னா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கேயே கமெண்டில் போடுங்க. மனுவோடு நிர்வாக அலுவலக வாசலுக்குப் போகும்போது அதையும் சேர்த்துக் கொடுப்போம்.

#பயிற்சிக்கு_மதிப்பெண்_கொடு