இறுதி நாள்களுக்கும் தரம் வேண்டும்!

ஒரு மருத்துவமனையின் தரத்தை அறிந்துகொள்ள மக்களுக்குப் பல வழிகள் இருக்கின்றன. குணமடைந்து வீடு திரும்பியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகிறார். ஆனால், இனி குணப்படுத்த இயலாது என்று கைவிடப்பட்ட நோயாளிகளை அவர்களது கடைசி வாரங்களில் பராமரிக்கும் இல்லங்களின் தரத்தை எப்படி அறிவது? அங்கு கவனிப்புப் பெற்றவர் திரும்பி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் குடும்பத்தினர், எல்லாம் விதி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அமைதியாகி விடுகிறார்கள். தவறே நடந்திருந்தாலும் அது மயானத்தோடு முடிந்துவிடுகிறது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. இந்தியாவில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது என்பதுதான் வேதனை.

'ஹாஸ்பிஸ்' எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்கள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம்தான் நவீன காலத்தில் இதற்கு முன்னோடி. உடல் வலியுடன், மரண பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, மனத் தவிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே நோயாளியின் வலியாகக் கருத வேண்டும் என்பது அவர் வகுத்த அடிப்படை. அதைப் பின்பற்றி 1986-இல் மும்பை பாந்த்ராவில் சாந்தி அவேதனா இல்லம் உருவானது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகியோரின் முயற்சியில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கம் தோன்றியது. புற்றுநோயிலிருந்து மீண்ட ஹர்மாலா குப்தா 1996-இல் தலைநகர் தில்லியில் தொடங்கிய 'கேன்சப்போர்ட்' அமைப்பு, மருத்துவரையும் செவிலியரையும் நோயாளியின் வீட்டுக்கே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பெங்களூரில் 'கருணாஷ்ரயா' இல்லம் கட்டணமின்றிச் சேவை புரிந்து வருகிறது. தனிமனிதர்களின் கருணையும் அர்ப்பணிப்பும்தான் இந்த இயக்கத்தை இந்தியாவில் வளர்த்தெடுத்தன என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

ஆனால், தனிமனிதர்களின் கருணையை மட்டுமே நம்பி 140 கோடி மக்களைக் கொண்ட தேசம் இருந்துவிட முடியாது. 'எக்கனாமிஸ்ட்' ஆய்வுப் பிரிவு 2010-இல் வெளியிட்ட மரணத் தரக் குறியீட்டில், ஆய்வு செய்யப்பட்ட 40 நாடுகளில் இந்தியாவுக்குக் கிடைத்தது கடைசி இடம். 2015-இல் 80 நாடுகளில் 67-ஆவது இடம். 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, வலி தணிக்கத் தேவைப்படும் மார்ஃபின் வகை மருந்துகளில் இந்திய நோயாளிகளுக்குக் கிடைப்பது சுமார் 4 சதவீதம் மட்டுமே என்று தெரிவித்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்துடன் அபினி விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் மத்திய அரசே அபினி ஆலைகளை நடத்துகிறது. மார்ஃபினுக்கான மூலப்பொருளை விளைவிக்கும் நாட்டில் புற்றுநோயாளிகள் வலியால் துடித்துச் சாகிறார்கள் என்பது எத்தகைய முரண்!

இதற்குக் காரணம் மருந்துப் பற்றாக்குறை அல்ல. 1985-இல் இயற்றப்பட்ட போதைப்பொருள், மனமயக்கப் பொருள்கள் சட்டம், கடத்தல்காரரையும் மருத்துவரையும் ஏறத்தாழ ஒரே தட்டில் வைத்தது. மார்ஃபின் இருப்பு வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஓர் உரிமம் கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். விளைவு, 1997-இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ 18 கிலோவாகச் சுருங்கிப் போனது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014-இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற பிரிவை ஏற்படுத்தியது. இன்று அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதலுடன் மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம். சட்டம் மாறியது, அச்சம் மாறவில்லை. மார்ஃபின் தந்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார், சாவு விரைந்து வரும் என்றெல்லாம் நம்பும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் அளவறிந்து தரும்போது இந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதைப் பல ஆண்டு மருத்துவ அனுபவம் உறுதிப்படுத்தியிருக்கிறது.

இந்தச் சூழலில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்து வருகிறது. கூட்டுக் குடும்பங்கள் சிதைந்து, பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் பெருநகரங்களில், இறுதிக்காலப் பராமரிப்பு ஒரு வணிகமாகவும் உருவெடுத்திருக்கிறது. தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும், நாள் கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டுக்குச் செவிலியரையும் உதவியாளரையும் அனுப்பும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. இவற்றில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இயங்குபவையும் உண்டு. உடல் துடைத்துவிட ஓர் ஆளை அனுப்பிவிட்டு அதையே 'பாலியேட்டிவ் கேர்' என்று அழைப்பவையும் உண்டு. எது எப்படிப்பட்டது என்று பிரித்தறிய, தாயையோ தந்தையையோ இழக்கப் போகும் குடும்பத்திடம் எந்த அளவுகோலும் இல்லை. நன்கொடையில் இயங்கும் இல்லங்களுக்கும் இது பொருந்தும். இலவசமாகத் தரப்படுவது என்பதாலேயே அதன் தரத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது நியாயமல்ல. கைமாறு எதிர்பாராத சேவையிலும் நோயாளிக்கு வலியின்றி இருக்கும் உரிமை உண்டு.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? பளிங்குத் தரை, தோட்டம், பிரார்த்தனைக் கூடம், நன்கொடையாளர்களின் பெயர்ப்பலகை ஆகியவை பார்வையாளர்களின் மனத்தில் நல்லெண்ணத்தை உருவாக்கலாம். அவை தரத்துக்கு அடையாளம் ஆகா. எத்தனை படுக்கைகள், ஓராண்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை வீட்டு வருகைகள் என்ற கணக்கும் அப்படித்தான். அந்த எண்கள் ஆண்டறிக்கைக்கு உதவும். வருகைக்குப் பிறகு நோயாளியின் வலி குறைந்ததா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

முதல் கேள்வி வலியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் குறித்து வைப்பதைப் போல, நோயாளியின் வலியை 0 முதல் 10 வரையிலான அளவில் கேட்டு எழுதி வைக்கிறார்களா? மருந்து தந்தபின் மீண்டும் கேட்கிறார்களா? நோயாளி வந்து சேர்ந்தபோது 8 ஆக இருந்த வலி, 3 ஆகக் குறைய எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஆனது? நோயாளிகளின் குறிப்பேடுகள் சிலவற்றைப் புரட்டினாலே இதற்கு விடை கிடைத்துவிடும். எழுதி வைக்கப்படாத வலி, கவனிக்கப்படாத வலி என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது மருந்து. வாய்வழி மார்ஃபின் இடைவெளியின்றி இருப்பில் இருக்கிறதா, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இல்லாமல் போனது என்பதை இருப்புப் பதிவேடே சொல்லிவிடும். மார்ஃபின் உட்கொள்பவருக்கு மலச்சிக்கல் ஏற்படும் என்பது ஆதரவு சிகிச்சையின் பாலபாடம். அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதித் தருகிறார்களா என்ற ஒரு கேள்வியே அங்குள்ள மருத்துவரின் பயிற்சியைக் காட்டிக் கொடுத்துவிடும். மூச்சுத் திணறல், வாந்தி, படுக்கைப்புண், துர்நாற்றம் வீசும் ஆறாத புண் ஆகியவற்றுக்கும் முறையான மருத்துவம் உண்டு. அவற்றைக் கையாள நேரடிப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் செவிலியரும்கூட இல்லாத இடம், முதியோர் இல்லமாக இருக்கலாம், ஹாஸ்பிஸ் ஆகாது.

மூன்றாவது, இரவு. வீட்டில் இருக்கும் நோயாளிக்கு நள்ளிரவில் வலி கூடும்போது அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கிறதா, அதை எடுத்து வழிகாட்டத் தெரிந்தவர் மறுமுனையில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே கடைசி நாள்களின் போக்கு அமைகிறது. பதில் கிடைக்காத குடும்பம் பதறிப்போய் நோயாளியை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கை சுவாசக் கருவி, லட்சக்கணக்கில் கடன் என்று எல்லாம் தொடர்ந்து நடந்தேறுகிறது. வீட்டில் உறவுகளின் நடுவே நிகழ வேண்டிய மரணம், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிகழ்கிறது.

நான்காவது, உண்மை. நோயின் நிலையை நோயாளியிடம் எப்படிச் சொல்கிறார்கள், அவரது விருப்பத்தைக் கேட்டறிகிறார்களா, மரணத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தை ஒருமுறையேனும் தொடர்பு கொள்கிறார்களா என்பனவும் தரத்தின் பகுதிகளே. கட்டணம் பெறும் நிறுவனமாக இருந்தால், எதற்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுத்தில் தரப்பட வேண்டும். துயரத்தில் இருப்பவர்களிடம் பேரம் பேசுவது மனிதாபிமானம் ஆகாது.

இவை எட்டாக்கனிகள் அல்ல. இந்திய ஆதரவு சிகிச்சை மருத்துவர்கள் கூடிக் கலந்தாலோசித்து, கட்டாயமானவை, விரும்பத்தக்கவை என்று பிரித்து, இந்தியச் சூழலுக்கேற்ற குறைந்தபட்சத் தர அளவுகோல் ஒன்றை ஏற்கெனவே வகுத்திருக்கிறார்கள். மையங்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக் கொள்ள அது உதவுகிறது. மனமிருப்பவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள், மற்றவர்களைக் கேட்பாரில்லை. அமெரிக்காவில், அரசுக் காப்பீட்டில் இயங்கும் ஹாஸ்பிஸ் அமைப்புகளைப் பற்றி, நோயாளி இறந்தபின் குடும்பத்தினரிடம் கருத்துக் கேட்டு அந்த முடிவுகளை அரசே பொதுவெளியில் வெளியிடுகிறது. அந்நாட்டின் மருத்துவ முறையில் ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆனால், இறந்தவருக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சியான குடும்பத்திடம் கேட்கும் அந்த ஒரு பழக்கம் இந்தியாவுக்கும் தேவை.

கண்காணிப்பு வேண்டும் என்றதும், உரிமம், ஆய்வாளர், அபராதம் என்று இன்னொரு கெடுபிடிச் சட்டத்தைக் கொண்டுவந்து விடக் கூடாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கற்றுத் தந்த பாடம் அதுதான். கேரளத்தில் தன்னார்வலர்களும் உள்ளாட்சி அமைப்புகளும் கைகோத்து, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும் முறை உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியாவிலேயே முதலாவதாக 2008-இல் அம்மாநில அரசு ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. பெருநகர மருத்துவமனைகளுக்கான கட்டட விதிகளை இத்தகைய அமைப்புகள் மீது சுமத்தினால் அவை மூடப்படும். வசதி படைத்த நிறுவனங்கள் மட்டுமே எஞ்சும். கட்டடத்தை அளக்காமல் கவனிப்பை அளப்பதுதான் சரியான வழி. வலிப் பதிவு, மார்ஃபின் இருப்பு, பயிற்சி பெற்ற ஆள், இரவு அழைப்பு, குடும்பத்தின் கருத்து ஆகிய ஐந்தையும் சிறிய அமைப்பும் காட்ட முடியும். அவற்றைக் காட்ட இயலாதவர்களுக்கு முதலில் பயிற்சியும் மருந்தும் தரப்பட வேண்டும். அதன் பிறகும் அவற்றைப் புறக்கணிப்பவர்கள் ஹாஸ்பிஸ் என்ற பெயரைப் பயன்படுத்தத் தடை விதிக்கலாம்.

மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2012-இல் தேசிய ஆதரவு சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை இதை அடிப்படைச் சேவைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள நலவாழ்வு மையங்கள் வழங்க வேண்டிய சேவைகளின் பட்டியலிலும் இது இருக்கிறது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீடு தேடிவரும் ஆதரவு சிகிச்சையை உள்ளடக்கியதே. பட்டியலில் இடம்பெறுவது வேறு, படுக்கையருகே கிடைப்பது வேறு. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வந்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பும் புற்றுநோயாளிக்கு, அவரது கிராமத்துக்கு அருகே உள்ள நலவாழ்வு மையத்தில் ஒரு வேளை மார்ஃபின் மாத்திரை கிடைக்குமா என்பதே இத்தனை திட்டங்களுக்கும் உரைகல். பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. வீட்டிலேயே இறக்க விரும்பும் ஏழைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இந்த இடைவெளியையும் அரசு நிரப்பியாக வேண்டும்.

கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் தீர்ப்பளித்தது. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் நடைமுறையை 2023-இல் அதே நீதிமன்றம் எளிமையாக்கியது. செயற்கை சுவாசத்தை மறுக்கும் உரிமை கிடைத்துவிட்டது. மறுத்த பிறகு எஞ்சியிருக்கும் நாள்களை வலியின்றிக் கழிப்பதற்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத வரை, கண்ணியமான மரணம் என்பது தீர்ப்பின் வரிகளில் மட்டுமே வாழும்.

மத்திய சுகாதார அமைச்சகம், மருத்துவர்கள் வகுத்துள்ள குறைந்தபட்சத் தர அளவுகோலை அதிகாரபூர்வமாக ஏற்று, மாநிலங்களுடன் கலந்து பேசி, அரசு மையம், அறக்கட்டளை, தனியார் நிறுவனம் என்ற பாகுபாடின்றி நடைமுறைப்படுத்த முன்வர வேண்டும். ஒவ்வோர் அமைப்பின் மதிப்பீடும் அந்தந்த மாநில மொழியில், சாமானியருக்கும் புரியும்படி வெளியிடப்பட வேண்டும். அரசு மானியமும் நன்கொடைக்கான வரிச் சலுகையும் அந்த மதிப்பீட்டுடன் இணைக்கப்பட வேண்டும். குறை சொல்ல எழுந்து வர முடியாத குடிமக்கள் அவர்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு!