எரித்தது பனி மட்டுமல்ல

மூணாறு பக்கம் தேயிலை கருகிவிட்டால் மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் தேவாரம் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒரே பேச்சுதான்: "குளிர் கூடிப்போச்சு, பனி எரிச்சிருச்சு. இதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?" 2019 ஜனவரியில் நாள்கணக்கில் உறைபனி விழுந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். இந்தப் பேச்சில் பாதிக்கு மேல் தவறு.

குளிர் கூடினால் மட்டும் உறைபனி விழுந்துவிடாது. வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஈரமும் குறைந்த இரவு வேண்டும். அப்போதுதான் பகலில் மண் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போகிறது. வறண்ட ராஜஸ்தானின் சுரு நகரம் 2019 ஜூனில் 50 டிகிரியைத் தாண்டியது. அதே ஊரில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. "பனி கொட்டுது, அப்புறம் பூமி சூடாகுதுன்னு ஏன் சொல்றாங்க?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: ஓர் இரவின் குளிர் அந்த இரவின் வானத்தையும் காற்றையும் பொறுத்தது.

உயரே போகப் போகப் பனி அதிகம் என்பதும் சரியல்ல. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் முதலில் வெளுப்பது தலைகுந்தா, காந்தல் பள்ளங்கள்தான். தேயிலைத் தோட்டத்திலும் அப்படித்தான்: ஓடையோரச் செடியின் கொழுந்து வெயில் ஏறியதும் வதங்கி, சில நாளில் செம்பழுப்பாகி, விரலால் தொட்டால் நொறுங்கும். மேலே சரிவில் நிற்கும் செடி பச்சையாகவே இருக்கும்.

செடி செத்துவிட்டது என்று பிடுங்குவதும் அவசரம். பெரும்பாலும் கருகுவது மேல்மட்டம்தான். தண்டில் உயிர் இருக்கும். கவாத்து செய்தால் துளிர்க்கும். ஆனால் அதுவரை கொழுந்து இல்லை, அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு வேலையும் இல்லை.

"நம்ம சனம் போறது ஏலக்காட்டுக்கு, அங்க உறைபனி ஏது?" என்பார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறும் பெண்கள் போவது தாழ்ந்த, மர நிழலுள்ள தோட்டங்களுக்கு என்பது உண்மை. அந்த நிழல் இப்போது எவ்வளவு மிச்சம்? ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகம் பரவியபின், வெளிச்சம் கூடினால் காய் கூடும் என்று கிளைகளைக் கழித்துத் தள்ளினோம். இரவில் மண்ணின் சூட்டைப் பிடித்து வைப்பதும் கோடை வெயிலைத் தடுப்பதும் அதே கிளைகள்தான். 2024 கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்களில் செடிகளின் தண்டுகள் காய்ந்து சாய்ந்தன. மழை பொய்த்தது பெரிய காரணம். நிழல் போனது அதைக் கொடுமையாக்கியது.

ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். மழைக்கு முன் கிளை கழிக்க ஆள் விடும் தோட்டக்காரர்களே, இந்த வருடம் மரத்தை மொட்டையடிக்காமல் விடுங்கள்.