காசு கொடுத்து வாங்கினால் நம்முடையது இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்நூல் பேச்சு வந்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "புதுப் புத்தகத்தின் வாசனை வருமா?" என்று ஒரு கட்சி. "ஒரு கருவிக்குள் ஆயிரம் புத்தகம்!" என்று இன்னொரு கட்சி. வாசனைக் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள். பள்ளி நூலக பீரோவைத் திறந்து ராமபாணப் பூச்சியைத் தட்டியவர்களுக்குத் தெரியும், பழைய புத்தகத்தை முகர்ந்தால் தும்மல்தான் வரும். கண்புரை அறுவை செய்துகொண்ட எனக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிவது பெரிய உபகாரம். மகன் வாங்கித் தந்த கருவி தலைமாட்டில்தான் இருக்கிறது.

என் சண்டை வேறு.

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு விடுமுறையில் வந்து, "சார், படிக்க ஏதாவது கொடுங்க" என்றாள். நான் காசு கொடுத்து வாங்கிய நாவல் ஒன்று கருவியில் இருந்தது. அதை அவளுடைய போனுக்கு அனுப்ப வழியே இல்லை. விதிமுறையைப் படித்தால், நான் வாங்கியது நூலே அல்லவாம். படித்துக்கொள்ள ஓர் உரிமமாம். இரவல் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, என் காலத்துக்குப் பின் பேரனுக்கும் போகாது. பிறகு 'வாங்கு' என்று ஏன் பொத்தான் வைக்கிறீர்கள்? இந்த ஏமாற்று வேலைக்காகவே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் வந்திருக்கிறது. தருவது உரிமம்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

2009 ஜூலையில் நடந்தது நினைவிருக்கிறதா? ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பின்னால் மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் பாடத்துக்காக அந்த நாவலில் குறிப்பு எழுதிவைத்திருந்த ஒரு பள்ளி மாணவனுக்கு அத்தனையும் வீணாகி, அவன் வழக்குப் போட்டான். எந்தப் புத்தகக் கடைக்காரராவது ராத்திரி நம் வீட்டு அலமாரியைத் திறந்து விற்றதை எடுத்துக்கொண்டு போவாரா?

நான் படித்ததில் பாதிக்கு மேல் இரவல். மீதி, கிளை நூலகமும் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையும். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது சொந்தமாகப் புத்தகம் வாங்க வசதி கிடையாது. ஒரு புத்தகம் பத்துக் கை மாறித்தான் நம் வீடுகளுக்கு வந்தது. அந்தக் கை மாறுதலைத்தான் இந்தப் பூட்டு தடுக்கிறது.

"பூட்டு இல்லாவிட்டால் திருடுவார்களே" என்பார்கள். ஐயா, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பிடிஎஃப்களில் எத்தனையோ அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தவை. திருடுபவனைப் பூட்டு தடுக்கவில்லை. காசு கொடுத்தவன்தான் மாட்டிக்கொண்டான்.

குற்றம் மின்சாரத்தில் இல்லை. மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 முதல் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றுகிறார்கள். இறக்கிக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம். ஆசிரியருக்குச் சேர வேண்டிய பணம் என்ற கேள்வி அங்கே இல்லை, சரி. ஆனால் விலைக்கு விற்கும் நூலையும் பூட்டாமல் தரலாமே!

என் நட்பு வட்டத்தில் பதிப்பாளர்கள் இருக்கிறீர்கள். கிண்டிலில் நூலை ஏற்றும்போது பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்று உங்களைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் என்ன பதில் கொடுக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள்.