தூளி வேறு, ஹேமக் வேறு

ஹேமக் என்றதும் ஊர்ப்பக்கம் வரும் முதல் கிண்டல், "இதென்ன பெரிய விஷயம், நம்ம தூளிதானே?" என்பதுதான். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் புதிதாகக் கேம்பிங் கிளம்புபவரின் இடுப்பைப் பதம் பார்ப்பதும் இந்த நினைப்புதான்.

தூளியின் இரண்டு முனையும் ஒரே விட்டத்தில் அல்லது ஒரே கிளையில் சேரும். பாரம் நேராகக் கீழே இறங்கும். உள்ளே இருப்பதும் குழந்தை. ஹேமக்கை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்ட வேண்டும். பாரம் பக்கவாட்டில் இழுக்கும். கயிறு 30 டிகிரி சாய்வில் இருந்தால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. தொய்வே கூடாதென்று விறைப்பாகக் கட்டி, சாய்வு 10 டிகிரி ஆகிவிட்டால்? ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 கிலோ! துணி காயப்போடும் கொடிக்கயிறு இதை எப்படித் தாங்கும்?

ஆகவே பணத்தை முதலில் போட வேண்டியது படுக்கும் துணியில் அல்ல, மரத்தில் கட்டும் பட்டையில். ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலம், தாங்கும் எடை குறிப்பிட்ட பாலியஸ்டர் பட்டை போதும். நைலான் பாரத்தில் நீளும். விடியும்போது முதுகு தரையில் இருக்கும். மெல்லிய கயிறோ மரத்தின் பட்டையை அறுத்துவிடும்.

மற்றதை எல்லாம் போகிற ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். செஞ்சி பக்கத்துப் பனமலையையே எடுத்துக்கொள்ளலாம். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் பாறை அது. கோயில் தூணில் கட்ட நினைப்பதே தப்பு. கீழே, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு மரம் தேட வேண்டும். பனை உறுதியானதுதான், ஆனால் காய்ந்த மட்டையோ பழமோ தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? முருங்கை சட்டென்று ஒடியும். பட்டுப்போன கிளை இல்லாத புளியோ வேம்போ உத்தமம். இரண்டுக்கும் நடுவே 12 முதல் 15 அடி இருந்தால் போதும்.

சமவெளி என்பதால் கொசுவலை கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் மேலே ஒரு தார்ப்பாயும் வேண்டும். மழைநீர் பட்டை வழியே படுக்கைக்குள் இறங்காமல் இருக்க, பட்டையில் ஒரு துண்டுச் சணலைத் தொங்கவிட்டால் அதிலேயே சொட்டிவிடும். முதுகுக்குக் கீழே கட்டும் குளிர்ப்போர்வை கொடைக்கானல், ஊட்டிக்குத்தான் தேவை. பனமலைக்கு அதை வாங்குவது வீண் செலவு.

"முழு செட்" என்று விற்பதை ஒரே நாளில் வாங்கிக் குவிப்பதைவிட, நல்ல பட்டையும் சாதாரணத் துணியும் வாங்கி, வீட்டுப் பின்புறம் முழங்கால் உயரத்தில் ஓரிரவு படுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். துணி சுமாராக இருந்தால் தூக்கம்தான் கெடும். பட்டை சுமாராக இருந்தால் முதுகெலும்பே போய்விடும்.