பெயர் வருமுன் தேய்ந்த மீன்

காவிரியை நினைக்கும்போதெல்லாம் நாம் தண்ணீர்க் கணக்கையே நினைக்கிறோம்: எத்தனை டி.எம்.சி. வந்தது, மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று. அந்தத் தண்ணீருக்குள் ஓர் ஆள் எடைக்கு வளர்ந்த கெண்டை இருந்ததை நம் பாட்டன்மார் காலத்துக் கரையோரத்தார் அறிவார்கள். முதுகில் திமில் எழுந்த அந்த மஹ்சீரைத் தேடித்தான் தூண்டில் பிரியர்களான வெள்ளைக்காரத் துரைமார் வந்தார்கள். 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் பிடித்த மீன் 120 பவுண்டு. இத்தனை புகழிருந்தும் அதற்கென்று சரியான அறிவியல் பெயர் இல்லை. 2007இல் அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மஹ்சீருக்கு, மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் 'டோர் ரெமாதேவி' என்று பெயரிட்டார்கள். காவிரியின் திமில் மீனும் அதுவே என்று தெளிந்தது 2018இல். அதே ஆண்டு, அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது ஏறியது.

அணைகள் ஆற்றைத் துண்டாக்கின, வெடி வைத்து மீன் பிடித்தார்கள், மணலை அள்ளினார்கள். இவை நாம் அறிந்த குற்றங்கள். என்னை அதிகம் உறுத்துவது நல்லெண்ணத்தில் நடந்த ஒன்று. மஹ்சீர் அருகுகிறதே என்று பதறி, லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளை 1970களிலிருந்து நாட்டின் பல ஆறுகளிலும் விட்டார்கள், காவிரியிலும் விட்டார்கள். மஹ்சீர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்ற எண்ணம். தூண்டிற்காரர்களின் பழைய குறிப்பேடுகளைப் பிற்பாடு புரட்டியவர்கள் கண்டது, விருந்தாளி பெருகப் பெருக வீட்டுக்காரன் குறைந்த கதை. விறகுக்கென்று சீமைக் கருவேலத்தையும், ஏழைக்குப் புரதம் என்று 1952இல் ஜிலேபிக் கெண்டையையும் வரவேற்ற நாடு இது. ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒரு குறையைத் தீர்க்க எதையோ கொண்டுவந்து, அடுத்த தலைமுறைக்கு வேறொரு குறையை விட்டுச் சென்றிருக்கிறது.

இனி மீளுமா? காவிரி நெடுகிலும் அது பழையபடி துள்ளும் நாளை நம் பேரப்பிள்ளைகளும் காண்பார்கள் என்று தோன்றவில்லை. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே காட்டின் காவலில் ஓடும் மோயாற்றில் மட்டும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. அங்கே எஞ்சிய மீன்களின் வழிவந்த குஞ்சுகளை வளர்த்து, மழைக்காலத்து நீரோட்டத்தையும் கெடுக்காமல் விட்டால், மெல்லத் தேறலாம். அதற்குள் எவரேனும் புண்ணியம் தேடி வேற்று ஆற்று மஹ்சீர்க் குஞ்சுகளோடு வந்தால், அருள்கூர்ந்து அவரை மோயாற்றங்கரையிலிருந்து திருப்பி அனுப்புங்கள்.